வாய் இல்லாத மச்சான்

அந்த மருந்துக் கம்பெனியில் 'புள்ளி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆள் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. வேலை அப்படி. ஒருவருக்கு மாத்திரை கொடுத்து, ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று மணிக்கொரு தரம் அளந்து, பரிசோதனைக்கூடத்திலிருந்து புள்ளி புள்ளியாக அனுப்புவார்கள். அத்தனை புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி கம்ப்யூட்டர் ஒரு கோடு போட வேண்டும். அதைப் போட வைப்பது அவர் பொறுப்பு. கோடு விலகிப் போன நாளில் அவருக்குச் சோறு இறங்காது. தொட்ட நாளில் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். மனைவி பயந்துபோய் ஆரம்பத்தில் டாக்டரிடம்கூடக் கேட்டிருக்கிறாள்.

கோட்டைச் சும்மா கையால் இழுத்துவிட முடியாது. அதற்கு ஓர் உடம்பு வேண்டும். புள்ளி கம்ப்யூட்டருக்குள் ஓர் உடம்பு கட்டியிருந்தார். வயிறு ஒரு பெட்டி, குடல் ஒரு பெட்டி, கல்லீரல் ஒரு பெட்டி; கொழுப்பு, சிறுநீரகம், மூளை எல்லோருக்கும் தனித்தனிக் குடித்தனம். பெட்டிக்குப் பெட்டி ரத்தக் குழாய். மூளைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே செல்கள். செல்லைச் சுற்றிக் கதவுகள். எந்தக் கதவை மருந்து தட்டுகிறது, திறந்தால் உள்ளே என்ன ஆகிறது என்பதுவரை கணக்கு. மாத்திரையை வயிற்றுப் பெட்டியில் போட்டுப் பொத்தானை அழுத்தினால், அது கரைந்து, கலந்து, கல்லீரலிடம் பாதியைப் பறிகொடுத்து, மிச்சத்தோடு மூளைச் செல்லின் வாசலில் போய் நிற்பதுவரை திரையில் பார்க்கலாம். பார்த்தவர்கள், "அடேயப்பா, நிஜ உடம்பு தோத்துடும்" என்பார்கள். நிஜ உடம்பு அவ்வளவு ஒழுங்காக இல்லை என்பது உண்மைதான்.

இத்தனை பெட்டிக்கும் எண்கள் வேண்டுமே? சில எண்கள் புத்தகத்திலிருந்து வந்தன. சில எலியிடமிருந்து வந்தன. எலியை ஒரு மனிதன் எடைக்கு ஊதிப் பெரிதாக்கிக்கொள்வது அந்தத் தொழிலில் சகஜம். எலிகள் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை. எலிக்கும் தெரியாத எண்களுக்கு மட்டும் ஒரு நிஜ மனிதன் தேவைப்பட்டான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்து, கேட்டபோதெல்லாம் கையை நீட்டி ரத்தம் கொடுக்கிற மனிதன்.

மருந்து, தூக்கத்துக்கான மருந்து. விளம்பரத்தைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள். ஊசியைப் பார்த்ததும், வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்து ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

அப்போதுதான் புள்ளிக்குத் தன் வீட்டு சோபா ஞாபகம் வந்தது. சோபாவில் மச்சான் இருந்தான். மனைவியின் தம்பி. ஏதோ ஒரு கம்பெனியில் நேர்காணல் என்று பெட்டியோடு வந்தவன். அந்தக் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். இவன் மட்டும் ஊர் திரும்பவில்லை. நாளடைவில் சோபா அவன் உருவத்துக்குக் குழிந்துபோய், வேறு யார் உட்கார்ந்தாலும் முனகியது.

"மச்சான், ஒரு வேலை இருக்கு" என்று புள்ளி ஆரம்பித்தார்.

"வேலையா?" மச்சான் கண்ணைத் திறக்கவில்லை.

"படுத்திருக்கணும். அவ்வளவுதான்."

ஒரு கண் திறந்தது.

"சாப்பாடு கட்டிலுக்கே வந்துடும்."

இன்னொரு கண்ணும் திறந்தது. "டிவி இருக்கா?"

"இருக்கு."

"மாமா, இப்படி ஒரு உத்தியோகம் உலகத்துல இருக்குன்னு இத்தனை நாளா ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க உத்தியோகம்?"

"மாத்திரை முழுங்கற உத்தியோகம்."

"யாரு, இவனா? மாத்திரையா?" என்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று கேட்கப் புள்ளிக்கு நேரமில்லை; ஆள் மனம் மாறுவதற்குள் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

மச்சானுக்குக் கம்பெனியின் இரண்டாவது மாடியில் தனி அறை கொடுத்தார்கள். வெள்ளைக் கட்டில், டிவி, ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி. நர்ஸ் சின்னக் காகிதக் கிண்ணத்தில் மாத்திரையும் கண்ணாடி தம்ளரில் தண்ணீரும் கொண்டுவருவாள். அவன் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பான். "ஆ காட்டுங்க." காட்டுவான். "நாக்கைத் தூக்குங்க." தூக்குவான். காலியாக இருக்கும். பிறகு எழுந்து ஜன்னலிடம் போய்ச் செடியைக் கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டு வந்து படுப்பான். தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை கேட்கும். நர்ஸ் ஊசி குத்தினால்கூட குறட்டையின் சுருதி மாறாது. அவளுடைய அனுபவத்தில் அப்படிப்பட்ட நோயாளி கிடைத்ததில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள்.

புள்ளிகள் வந்தன. புள்ளி திகைத்தார்.

ரத்தத்தில் மருந்து இல்லை. முதல் மணியில் இல்லை, அடுத்த மணியில் இல்லை, மறுநாளும் இல்லை. பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்து, இயந்திரத்தைச் சரிபார்க்கச் சொன்னார். "இயந்திரம் நல்லாத்தான் இருக்கு சார். மருந்துதான் இல்ல" என்றார்கள். ஆனால் ஆள் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறான். மருந்து உள்ளே போகிறது, ரத்தத்தில் காணவில்லை, தூக்கம் மட்டும் வருகிறது. வேறு யாராவது இருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு கட்டில் பக்கம் போய்ப் பார்த்திருப்பார்கள். புள்ளி படித்தவர். கம்ப்யூட்டர் பக்கம் போனார்.

அவருடைய உடம்பில் இரண்டு திருகுகள் இருந்தன. எங்கே கணக்கு இடித்தாலும் அவற்றைத்தான் திருகுவார். அந்தத் தொழிலில் எல்லோரிடமும் அப்படி இரண்டு இருக்கும், வெளியே சொல்லமாட்டார்கள். ஒன்று கல்லீரல் திருகு. அதைத் திருகத் திருக, கல்லீரலின் பசி கூடிக்கொண்டே போயிற்று. குடலிலிருந்து வருகிற மருந்தை ஒரு துகள் விடாமல் வாசலிலேயே விழுங்கிவிடுகிற கல்லீரலாக, மனித குலத்தில் இதுவரை பிறந்திராத ஒரு ராட்சதக் கல்லீரலாக அது வளர்ந்தபோது, ரத்தத்தில் மருந்து இல்லாமற் போனது. கோடு தரையோடு தரையாகப் படுத்தது. அப்புறம் தூக்கம்? அதற்கு அடுத்த திருகு: மூளைச் செல்லின் கதவு. மருந்தின் வாசனை பட்டாலே கதவுகள் எல்லாம் பட்பட்டென்று திறந்துகொள்கிற அளவுக்கு அதைத் திருகினார். இன்னொரு சிக்கலும் இருந்தது. செடியருகே நிற்கும்போது ஆள் தெளிவாக இருக்கிறான், படுத்தால்தான் தூங்குகிறான். அதற்கும் ஒரு சமன்பாடு போட்டார்: நின்றால் ரத்தம் கீழே இறங்குவதால் கதவு மூடிக்கொள்கிறது, படுத்தால் திறக்கிறது.

கோடு எல்லாப் புள்ளிகளையும் தொட்டது. ஒன்றுகூட விலகவில்லை. அன்றைக்கு வீட்டில் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மச்சான் மாத்திரையை முழுங்கியிருக்கமாட்டானோ என்று அவருக்குத் தோன்றவில்லையா என்று கேட்கலாம். தோன்ற வழியில்லை. அவர் கட்டிய உடம்பு வயிற்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதில் வாய் என்று ஒரு பெட்டி கிடையாது.

கம்பெனி கொண்டாடியது. ரத்தத்தில் தங்காத மருந்து என்றால் பக்கவிளைவு ஏது? எத்தனை போட்டாலும் ஆபத்தில்லை. நின்றால் வேலை செய்யாது, ஆகவே போட்டுக்கொண்டு வண்டிகூட ஓட்டலாம். விற்பனை மேலாளர் ஆனந்தத்தில் மேஜையைத் தட்டி, "மாத்திரை ரொம்பச் சின்னதா இருக்கு. மக்கள் மதிக்கமாட்டாங்க. கையில எடுத்தா ஒரு கனம் தெரியணும்" என்றார். மருந்தின் அளவைப் பல மடங்கு ஏற்றினார்கள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். ராட்சதக் கல்லீரல் அதையும் விழுங்கி ஏப்பம் விட்டது.

கம்ப்யூட்டருக்குள் இருந்த அந்த உடம்புக்கும் 'மச்சான்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூட்டங்களில் கம்பெனித் தலைவர் எதற்கெடுத்தாலும், "மச்சான் என்ன சொல்றார்?" என்று கேட்க ஆரம்பித்தார். தலைவருக்குக் கணக்கு வராது; திரையில் பெட்டிகள் மினுக்குவதைப் பார்ப்பதில் மட்டும் தனிப் பிரியம். முதலில் மருந்து பற்றிக் கேட்டார்கள். பிறகு கேன்டீன் காபியின் தரம் பற்றிக் கேட்டார்கள். மச்சானின் கல்லீரல் அதையும் சமாளித்ததால் தரத்தை இன்னும் குறைத்தார்கள். மச்சானுக்கு அடையாள அட்டை வந்தது. விடுமுறை நாட்களில் அவரைக் கம்ப்யூட்டரில் ஓட்டக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. வருடாந்திர விழாவில் சிறந்த ஊழியர் விருதும் மச்சானுக்கே போனது. மேடைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போன புள்ளிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆரம்பித்தவர் ஏற்படுத்தியது. எந்த மருந்துக்கு யார் கணக்குப் போடுகிறாரோ, அவர்தான் போர்டு உறுப்பினர்கள் முன்னால் மேடையேறி, தன் கணக்கு சொன்ன அளவில் முதல் மாத்திரையை முழுங்க வேண்டும். புள்ளிக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் மலச்சிக்கல் மருந்துக்குக் கணக்குப் போட்டவர். முழுங்கிவிட்டு அவர் மேடையிலிருந்து இறங்கிப்போன வேகத்தைப் பற்றி இன்றைக்கும் பேசிக்கொள்வார்கள். அவர் திரும்பி வரவில்லை. ராஜினாமாவைத் தபாலில் அனுப்பினார்.

மேடைக்கு முந்தைய நாள் மாலை. மச்சான் வேலை முடிந்து சோபாவுக்குத் திரும்பியிருந்தான். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். புள்ளிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"நாளைக்கு நான் முழுங்கறேன். மாத்திரை கொஞ்சம் பெருசுதான். ஆமா மச்சான், நீ எப்படி முழுங்குவ? ஒரே மடக்கா, ரெண்டு மடக்கா?"

"எதை மாமா?"

"மாத்திரையைத்தான்."

"அதை யாரு முழுங்கினா?" என்று கேட்டுவிட்டு மச்சான் ரொட்டியைப் பிட்டான்.

புள்ளியின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"அவனுக்கு மாத்திரையே இறங்காதுங்க" என்றாள் மனைவி, குழம்பு உப்பு கரிக்கிறது என்று சொல்கிற குரலில். "சின்ன வயசுல காய்ச்சல் வந்தா அம்மா வாழைப்பழத்துக்குள்ள வச்சுக் குடுப்பாங்க. பழத்தைத் தின்னுட்டு மாத்திரையை மட்டும் கன்னத்துல ஒதுக்கிப்பான். அம்மா அந்தப் பக்கம் நகர்ந்ததும் செடியில துப்பிடுவான். எங்க வீட்டுல ஒரு செடி பிழைச்சதில்ல."

"இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"அன்னிக்கு அப்படிச் சிரிச்சேனே, எதுக்குடி சிரிக்கறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நர்ஸ் வாயைத் திறந்து பார்த்தாங்களே!"

"நல்லாப் பார்த்தாங்க. நானும் நல்லாக் காட்டினேன்" என்ற மச்சான் ஒரு வேர்க்கடலையை வாயில் போட்டான். ஆ காட்டினான். நாக்கைத் தூக்கினான். காலி. மறுபடி மூடித் திறந்தபோது கடலை நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது. புள்ளிக்கு உடற்கூறு தெரியும். கன்னத்தில் அப்படி ஓர் அறை எந்தப் படத்திலும் இல்லை.

"அப்புறம் எப்படிடா அப்படித் தூங்கின?"

மச்சானுக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டுவிட்டது. "மாமா, நான் எப்பவாவது தூங்காம இருந்து நீங்க பார்த்திருக்கீங்களா?"

மறுநாள் காலை புள்ளி முதல் ஆளாகக் கம்பெனிக்குப் போய் இரண்டாவது மாடி ஏறினார். ஜன்னலோரப் பூந்தொட்டியைப் பார்த்தார். செடி இலைகளை எல்லாம் மடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தொட்டியை நோக்கி ஏறி வந்த எறும்புகள், வந்த வரிசை கலையாமல், பாதி வழியில் அப்படியே படுத்திருந்தன. முன்னால் போன எறும்பு ஒரு சர்க்கரைத் துணுக்கைத் தலைக்கு வைத்துக்கொண்டிருந்தது. தொட்டி மண்ணில் ஒரு பூனை சுருண்டிருந்தது.

"இது எவ்வளவு நாளா இங்க இருக்கு?" என்று நர்ஸைக் கேட்டார்.

"போன மாசம் வந்து படுத்துது சார். ரொம்ப சாது. எந்தத் தொந்தரவும் கிடையாது."

புள்ளி கம்ப்யூட்டரிடம் ஓடினார். கல்லீரல் திருகை ஊரில் உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிற கல்லீரலின் அளவுக்குக் குறைத்தார். கதவுத் திருகையும் எலிகள் சொன்ன இடத்துக்கே கொண்டுவந்தார். அன்று மதியம் தான் முழுங்கவேண்டிய மாத்திரையை வயிற்றுப் பெட்டியில் போட்டுப் பொத்தானை அழுத்தினார். கோடு செங்குத்தாக மேலே ஏறி, திரையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. எப்போது இறங்கும் என்று பார்த்தார். நாட்கள் ஓடின, வாரங்கள் ஓடின, கோடு இறங்குகிற வழியாக இல்லை. கடைசியில் கம்ப்யூட்டரின் திரையே மங்கி, தானாக அணைந்துகொண்டது.

நேரே தலைவர் அறைக்குப் போனார்.

"சார், மச்சான் மாத்திரையை முழுங்கவே இல்ல."

தலைவர் பதறி எழுந்தார். "எந்த மச்சான்?"

"நிஜ மச்சான் சார். என் மனைவியோட தம்பி."

"அப்பாடா!" தலைவர் உட்கார்ந்தார். "நம்ம மச்சானுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சோன்னு ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன்."

"சார், அவனை வச்சுத்தான் இவரைக் கட்டினோம். அவன் முழுங்கலேன்னா..."

"இவர் முழுங்கினாரா இல்லையா?"

"இவருக்கு வாயே இல்ல சார். நேரா வயித்துல போடறோம்."

"அப்போ முழுங்கினார். கோடு புள்ளியைத் தொடுதா?"

"தொடுது."

"எல்லாப் புள்ளியையும்?"

"எல்லாத்தையும்தான். ஆனா..."

"என்ன ஆனா ஆவன்னா? உங்க மச்சான் மாத்திரை முழுங்காதது உங்க குடும்பத் தகராறு. அதை ஏன் ஆபீசுக்குக் கொண்டுவர்றீங்க?" தலைவர் குரலைத் தாழ்த்தினார். "பயம் வந்திடுச்சுன்னு நேராச் சொல்லுங்க. இன்னிக்கு மத்தியானம் மேடையில முழுங்கினா நீங்க துறைத்தலைவர், ஜன்னல் வச்ச அறை. முழுங்கலேன்னா நாளையிலேர்ந்து வேற எடம் பாருங்க."

தாழ்வாரத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தான். விழாவின் சிறப்பு விருந்தினன். புள்ளியின் கோட்டுச் சட்டையைக் கேட்காமலே மாட்டிக்கொண்டு வந்திருந்தான்; கையில் பூங்கொத்து.

"மாமா, இதுக்குப் போயி ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? கன்னத்துல ஒதுக்கிடுங்க. நான் சொல்லித் தர்றேன்." சட்டைப் பையிலிருந்து புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்தான்.

புள்ளி முயன்றார். முதல் மிட்டாய் இறங்கிவிட்டது. இரண்டாவதும் இறங்கிவிட்டது. பொட்டலம் தீர்கிறவரை எல்லாமே இறங்கிவிட்டன. புள்ளியின் தொண்டை நேர்மையானது; வாயில் விழுந்ததை வயிற்றில் சேர்ப்பதைத் தவிர அதற்கு வேறு ஒன்றும் தெரியாது.

"உங்களுக்கு வராது மாமா" என்று மச்சான் அனுதாபத்தோடு சொன்னான். "இதெல்லாம் பிறவியிலயே வரணும்."

மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் போர்டு உறுப்பினர்கள். மேடையில் வெல்வெட் விரித்த தட்டு. தட்டில் மாத்திரைகள், ஒவ்வொன்றும் கோட்டுப் பொத்தான் அளவுக்கு. தலைவர் மச்சானைப் பற்றிப் பேசினார், எந்த மச்சானைப் பற்றி என்று கடைசிவரை பிடிகொடுக்காமல். பிறகு புள்ளியைக் கூப்பிட்டார். புள்ளி மேடையேறினார். மாத்திரையைக் கையில் எடுத்தார். கனமாகத்தான் இருந்தது. மேலே ஜன்னலோரத்தில் சுருண்டு கிடக்கும் பூனை நினைவுக்கு வந்தது. மனைவி நினைவுக்கு வந்தாள். கண்ணை மூடினால் அடுத்து எப்போது திறப்போம் என்று கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை.

மாத்திரையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"நான் முழுங்கமாட்டேன். யாரும் முழுங்காதீங்க. என் மச்சான் ஒரு மாத்திரைகூட முழுங்கல. எல்லாத்தையும் பூந்தொட்டியில துப்பியிருக்கான். இந்தக் கணக்கு முழுக்கத் தப்பு. தப்பு என்னோடது."

தலைவர் சிரித்தபடி முதல் வரிசையைப் பார்த்தார். "இதோ மச்சானே இருக்கார். தம்பி, உங்களை நம்ம கம்பெனியோட நிரந்தர உடம்பா நியமிக்கலாம்னு இருக்கோம். ஆயுசுக்கும் கட்டில், சாப்பாடு. சொல்லுங்க, நீங்க முழுங்கினீங்களா இல்லையா?"

மச்சான் எழுந்தான். மாமாவைப் பார்த்தான். கட்டிலை நினைத்துப் பார்த்தான். "முழுங்கினேன் சார். ஒவ்வொண்ணும் தேன் மாதிரி எறங்கிச்சு."

"அடப்பாவி!" என்றார் புள்ளி, ஒலிபெருக்கியில்.

"இவர் முழுங்க வேண்டாம்" என்று தலைவர் முழங்கினார். "நம்பிக்கை இருக்கறவங்க நாம முழுங்குவோம். தட்டைக் கொண்டுபோங்க!"

தட்டு முதல் வரிசையில் நகர்ந்தது. போர்டு உறுப்பினர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எடுத்து வாயில் போட்டார்கள். தண்ணீர் குடித்தார்கள். ஒருவரும் பேசவில்லை. எல்லோருடைய கன்னங்களிலும் ஒரு பக்கம் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது. அந்த ரகசிய அறை மச்சானுக்கு மட்டும் உள்ளது என்று நினைத்திருந்த புள்ளி அதிர்ந்துபோனார். விற்பனை மேலாளருக்கு இரண்டு பக்கமும் இருந்தது.

"மாத்திரை அருமை என்பதை ஏற்கிறீர்களா?" என்று தலைவர் கேட்டார்.

"ம்ம்" என்று போர்டு ஏகமனதாக மூக்கால் தீர்மானம் நிறைவேற்றியது.

மச்சானின் கணக்கைப் புரிந்துகொண்ட யாரும் அந்த மண்டபத்தில் அதை நம்பவில்லை. நம்பியவர் ஒரே ஒருவர், அதில் ஓர் எழுத்துக்கூடப் புரியாத தலைவர். அவர் மாத்திரையை உயர்த்திக் காட்டினார். புள்ளி பாய்ந்துபோய் மணிக்கட்டைப் பிடித்தார். "சார், வேண்டாம் சார்! கன்னத்துலயாவது ஒதுக்குங்க சார்!"

தலைவர் உதறினார், வாயில் போட்டார், ஒரு தம்ளர் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். சபைக்கு ஆ காட்டினார். நாக்கைத் தூக்கினார். நிஜமாகவே காலி. கொஞ்ச நேரம் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு நின்றார்.

"பார்த்துக்குங்க" என்றார். "நின்னுக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும்..."

அவ்வளவுதான். நின்ற நிலையிலேயே கண் மூடியது. விரலைத் தூக்கியபடியே மெதுவாகச் சரிந்தார். புள்ளி தாங்கிக்கொண்டதால் தலை அடிபடாமல் தப்பியது. உடனே முதல் வரிசை மொத்தமும் எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு, இரண்டாவது மாடிக்கு ஓடியது. பூந்தொட்டியின் முன்னால் வரிசை நின்றது. அவசரத்தில் பதவி வரிசையைக்கூடப் பார்க்கவில்லை. கடைசியாகப் போனவர் துப்பியபோது தொட்டியில் மண் தெரியவில்லை.

"நான் முழுங்கல! ஆரம்பத்துலேர்ந்தே முழுங்கல!" என்று மச்சான் மண்டபத்தில் பூங்கொத்தோடு சத்தியம் செய்துகொண்டிருந்தான். இப்போது எல்லோரும் நம்பினார்கள்.

தலைவரை மச்சானின் கட்டிலில் படுக்க வைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்தார். நாடி பிரமாதம், மூச்சு பிரமாதம், தூக்கம் மிகப் பிரமாதம். நரம்பில் ஏற்றுகிற குளுக்கோஸும் குழாய் வழி ஆகாரமும் ஏற்பாடாயின. புள்ளி வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் திருகுகள் ஒரு மனிதனை இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டிருப்பது அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. முழுங்கவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை.

நர்ஸ் ரத்தம் எடுத்தாள். புள்ளிகள் வந்தன. இந்த முறை எல்லாவற்றிலும் மருந்து இருந்தது. முதலில் மலைபோல் ஏறியிருந்தன. பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை இறங்கின. புள்ளி திருகுகளைத் தொடவே இல்லை. தலைவரின் கல்லீரல் ஒரு சாதாரண மனிதனின் கல்லீரல்தான் என்பது தெரிந்தது. கம்பெனியில் பலருக்கு அது முதல் செய்தி.

தலைவரின் மனைவி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எப்ப எழுந்திருப்பார்?"

"கோட்டைப் பார்த்தா, இந்த மழைக்காலம் முடிஞ்சு முதல் வெயில் அடிக்கற அன்னிக்கு எழுந்திருக்கணும்மா. நான் சொன்னா இப்ப யாரும் நம்பமாட்டாங்க."

"அவசரமில்ல" என்றாள். "சும்மாதான் கேட்டேன்."

கம்பெனிக்கும் அவசரமில்லை. கூட்டம் கூட்ட ஆளில்லாததால் எல்லோரும் வேலை பார்த்தார்கள். கேன்டீன் காபி குடிக்கிற மாதிரி ஆயிற்று. அடுத்த ஆண்டுகளில் செய்வதாக இருந்த பல காரியங்கள் அந்த மழையிலேயே முடிந்துபோயின.

மழை விட்டது. ஒரு காலை ஜன்னல் வழியாக வெயில் கட்டிலில் விழுந்தது. முதலில் எறும்புகள் எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் வரிசையாகக் கிளம்பிப் போயின. பிறகு பூனை முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. கட்டிலில் தலைவரும் அதே மாதிரி முதுகை வளைத்தார். கண்ணைத் திறந்தார். தூக்கியிருந்த விரல் இன்னும் தூக்கியபடியே இருந்தது.

"...ஆகல!" என்று வாக்கியத்தை முடித்தார்.

அறையில் இருந்தவர்களுக்கு எந்த வாக்கியம் என்று நினைவுபடுத்திக்கொள்ள நேரம் பிடித்தது. புள்ளி மட்டும் தலை குனிந்து அழுதார். அவர் போட்ட கோடு முதல்முறையாக ஒரு மனிதன் கண் விழிக்கிற இடத்தைத் தொட்டிருந்தது. தலைவர், தான் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று விசாரித்தார். சொன்னார்கள். கொஞ்சம் யோசித்தார்.

"பார்த்தீங்களா, மருந்து வேலை செய்யுது. மச்சான் சொன்னா தப்பாதுன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

புதிய கணக்குப்படி மாத்திரை எள்ளளவுக்குச் சுருங்கியது. வழக்கப்படி மறுபடியும் மேடை போட்டார்கள். இந்த முறை புள்ளி மனைவியையும் அழைத்து வந்து முதல் வரிசையில் உட்காரவைத்தார். தன் கணக்கு சொன்ன அளவை நாக்கில் வைத்து முழுங்கினார். அவருடைய தொண்டை நேர்மையானது, ஆகவே ஆ காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மேடையில் போட்டிருந்த கட்டிலில் படுத்தார், தூங்கினார், கோடு குறித்த நேரத்தில் எழுந்து காபி கேட்டார். மனைவி அப்போதுதான் கைக்குட்டையை முறுக்குவதை நிறுத்தினாள்.

ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. அதில் உட்கார்ந்து அவர் செய்த முதல் காரியம், கம்ப்யூட்டர் உடம்பில் வயிற்றுக்கு முன்னால் வாய் என்று ஒரு பெட்டி சேர்த்தது. வாயிலிருந்து இரண்டு குழாய்கள். ஒன்று வயிற்றுக்குப் போகிறது. மற்றது பூந்தொட்டிக்கு. அன்றைக்கு மண்டபத்தில் பார்த்ததை வைத்து, பூந்தொட்டிக்குப் போகிற குழாயைத்தான் தடிமனாகப் போட்டிருக்கிறார். அந்தக் குழாய்க்கு மட்டும் சரியான எண் இன்னும் கிடைக்கவில்லை.

"மச்சான், ஒரு வேலை இருக்கு" என்று மாலையில் வீட்டுக்கு வந்து சோபாவின் முன்னால் நின்றார். "துப்பணும். அவ்வளவுதான்."

ஒரு கண் திறந்தது.

"டிவி இருக்கா?"